காத்திருப்புப் பட்டியலுக்கு ஒரு பேனர்

1

வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்று எங்கள் அலுவலகத்தில் விதி எதுவும் இல்லை. ஆனாலும் நான் எடுப்பதில்லை. எடுத்தால் ஊர் வந்துவிடும். ஊர் வந்தால் வேலை போய்விடும். இந்த ஏப்ரலில் ஒரு காலை, காபி ஆறுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எடுத்தேன். ஊர் வந்தே விட்டது.

நைனா ஒரு படம் அனுப்பியிருந்தார். பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் போகும் வழியில் ஐஸ் கம்பெனிச் சுவரை முழுசாக மறைத்து ஒரு பேனர். நடுவில் என் தங்கை அபி. பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்த முகம். பின்னணியில் கோபுரமும் கொடியும் வைத்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கட்டடம். அது அமெரிக்காதானா என்பதுகூடச் சந்தேகம். வலது மூலையில் கைகூப்பியபடி நைனா. கீழே எழுத்து: 'அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் காத்திருப்புப் பட்டியலில் இடம்பிடித்த எங்கள் குப்பத்தின் குலவிளக்கு செல்வி அபிராமியை வாழ்த்தி வணங்குகிறோம்!'

காத்திருப்புப் பட்டியல். அதாவது வெயிட்டிங் லிஸ்ட். அதற்குப் பேனர்.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசையிலிருந்து மார்த்தா எழுந்து வந்தாள். மார்த்தா என் மேலதிகாரி. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவள் உத்தரவு. முதல் ஆறு மாதம் 'மேடம்' என்று கூப்பிட்டு அவளைக் கிழவியாக்கிவிட்டேனாம்.

"உங்கள் வீட்டில் கல்யாணமா?" என்றாள் படத்தைப் பார்த்து.

"இல்லை. என் தங்கையை ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைக் கொண்டாடுகிறார்கள்."

அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். "மூலையில் கும்பிடுகிறவர் தேர்தலில் நிற்கிறாரா?"

"அவர் என் அப்பா."

சிரிப்பு அடங்கியதும் திரையைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் நிரப்பிக்கொண்டிருந்த கட்டமும் காத்திருப்புப் பட்டியல்தான். எத்தனை பேரை அதில் வைத்தீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கடைசியில் இடம் கொடுத்தீர்கள் என்று கேட்கிற கட்டம். அப்போதுதான் இந்தப் பேனர் வெறும் சிரிப்பு அல்ல என்று புரிந்தது.

2

என் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். இங்கே அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் புள்ளிவிவரப் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வருடா வருடம் ஒரே மாதிரியான ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்பித் தங்கள் இணையதளத்தில் போட்டுவிடும். காமன் டேட்டா செட் என்பார்கள். எந்தக் கல்லூரியானாலும் அதே கேள்விகள், அதே வரிசை. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேரைச் சேர்த்தோம், மதிப்பெண்ணுக்கு எவ்வளவு மரியாதை, கட்டுரைக்கு எவ்வளவு, வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். எங்கள் கல்லூரிக்கு அதை நிரப்புகிற கைகளில் ஒரு ஜோடி என்னுடையது.

அது முகப்பில் தொங்காது. முகப்பில், மரத்தடியில் மூன்று நிறத்தில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் இந்த ஊருக்கு வந்த பிறகு மரத்தடியில் அப்படிச் சிரிக்கிற மூவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. முகப்பு என்பது மாப்பிள்ளையின் ஸ்டூடியோ போட்டோ. நாங்கள் நிரப்பிப் போடுகிற அட்டவணை என்பது மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு. போட்டோவைப் பார்த்துப் பெண்ணைக் கொடுப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது இதை முதலில் பார்த்தேன். பழவேற்காடு பஜாரில் நஜீர் பாயின் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர், ஆதார் திருத்தம், ரயில் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, பேனர் டிசைன் எல்லாம் அங்கேதான். ஏதோ தேடப் போய் ஏதோ கிடைத்து, பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நஜீர் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கரண்டு பில்லாட்டம் கீது?"

"காலேஜு பாய். அமெரிக்கா காலேஜு."

"காலேஜுனா படம் இருக்கும், பூ இருக்கும். இது ஏதோ கோர்ட்டு சமாச்சாரம் மாதிரி கீது. ஜாக்கிரதைம்மா."

அன்றைக்குத் தொடங்கிய பைத்தியம். இரண்டு மூன்று வித்தைகளை இலவசமாகச் சொல்லித் தருகிறேன்.

குறைந்த சேர்க்கை விகிதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்டவர்களில் மிகக் கொஞ்சம் பேரை மட்டும் எடுத்தோம் என்பதில் கல்லூரிகளுக்கு ஒரு பெருமை. வந்த கிராக்கியை எல்லாம் திருப்பி அனுப்பினேன் என்று பெருமை பேசும் மீன்காரியை எங்கள் மார்க்கெட்டில் நான் பார்த்ததில்லை.

சராசரி உதவித்தொகை என்ற எண்ணைப் பார்த்தால் உடனே அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். அது வாங்கியவர்களின் சராசரி. வாங்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. எங்கள் ஏரியின் சராசரி ஆழமும் இடுப்பளவுதான் என்பார்கள். அதை நம்பி முகத்துவாரத்தில் இறங்கிப் பாருங்கள்.

ஆகவே வெளிநாட்டு மாணவர்கள் மொத்தம் எத்தனை என்று ஒரு பகுதியில் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் கையிலிருந்து கொடுக்கிறது என்று கடைசிப் பக்கங்களுக்கு அருகே இன்னொரு பகுதியில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் கொடுத்திருந்தால், அங்கே எங்கள் குப்பத்துப் பிள்ளையும் படிக்கலாம். விரல் விட்டு எண்ணுகிற பேருக்குத்தான் என்றால், மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே எதற்காக வரவேற்கப்படுகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும்.

இப்படித்தான் எனக்கு இடம் பிடித்தேன். இதே முறையில் அபிக்கும் பார்த்தோம். நான் இங்கே, அவள் அங்கே, நடுவில் வீடியோ கால். அவள் என்னைவிடப் பொல்லாதவள். "அக்கா, இந்தக் காலேஜ் கடைசிப் பக்கத்த மட்டும் மங்கலா ஸ்கேன் பண்ணி போட்டுகீது. ஏதோ கள்ளத்தனம்" என்று ஒரு கல்லூரியை அவளே எங்கள் பட்டியலிலிருந்து அடித்துப் போட்டாள்.

3

அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் ஒரே சாதி. உதவித்தொகைக்குக் குடும்பத்தின் சொத்து விவரம் கேட்கிறார்கள். எனக்கு விண்ணப்பித்த காலத்தில் 'படகு வைத்திருக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று 'ஆம்' என்று போட்டேன்.

கல்லூரியிலிருந்து மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல். அந்தப் படகு எந்தத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, வருடத்தில் எவ்வளவு காலம் குடும்பம் அதில் உல்லாசப் பயணம் செய்கிறது என்று விசாரித்திருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை. ஒரு படம் மட்டும் அனுப்பினேன். எங்கள் பைபர் படகின் ஓரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நைனா பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் கம்பு ஊன்றும் படம். மறுநாளே 'விளக்கத்துக்கு நன்றி' என்று வந்துவிட்டது.

அடுத்தது, வேலை கொடுப்பவரிடமிருந்து சம்பளச் சான்று. நைனாவுக்கு வேலை கொடுப்பது ஏரி. ஏரிக்கு லெட்டர்பேட் கிடையாது. கடைசியில் நஜீர் பாய் தன் கடை லெட்டர்பேடில், 'இவர் எனக்குத் தெரிந்த வரையில் எப்போதும் தண்ணீரில்தான் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

அபியின் முறையில் இந்த வேடிக்கைகள் குறைவு. அனுபவம் வந்துவிட்டது. மார்ச் முடிவில் பதில்கள் வந்தன. பலவும் 'வருந்துகிறோம்'. இரண்டு மட்டும் வேறு. ஒன்று, நாலா பக்கமும் மக்காச்சோள வயல் சூழ்ந்த ஒரு சின்னக் கல்லூரி. வா என்றார்கள். படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணக்குப் படிப்புக்கு நல்ல இடம். மே முதல் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடமும் போகும், உதவியும் போகும். அபிக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, ஆகவே நைனாவின் கையெழுத்து கட்டாயம்.

இரண்டாவது, பேர் சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கிற அந்தப் பெரிய பல்கலைக்கழகம். காத்திருப்புப் பட்டியல்.

நான் மக்காச்சோளத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். ஊர் மற்றதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

4

பேனர் வந்த மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். நைனா வலையை உதறிப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அபி. பின்னால் அடுப்படியில் அம்மா.

"பேனரு பாத்தியா? ஷோக்கா கீது இல்ல?" என்றார்.

"பாத்தேன் நைனா. இப்போ அந்தச் சோளக்காட்டு காலேஜுக்குக் கையெழுத்து போட்டுடு. நாளு போய்கினே இருக்குது."

"அதுக்கு இன்னாத்துக்கு? அதான் பெரிய எடத்துல வரிசையில நிக்கிறமே. நம்ம முறை வரும்."

முறை. அந்தச் சொல்லில்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற நல்ல நீரோட்டங்கள் சில உண்டு. அங்கே யாரும் நினைத்தபோது போய் வலை கட்ட முடியாது. அந்த இடங்களைப் 'பாடு' என்பார்கள். குப்பத்தில் கூடிச் சீட்டுப் போட்டு வரிசை வைப்பார்கள். இன்றைக்கு நல்ல நீரோட்டத்தில் கட்டியவன் நாளைக்கு ஓரத்துக்குப் போவான். ஓரத்தில் நின்றவன் நடுவுக்கு வருவான். யார் பெரியவன், யார் வலுத்தவன் என்ற பேச்சே இல்லை. வரிசையில் பேர் இருந்தால் முறை வந்தே தீரும். புயலில் ஒரு முறை தவறினாலும் ஊர் கூடி ஈடு செய்யும். ஆகவே எங்கள் ஊரில் 'வரிசையில் இருக்கிறேன்' என்றால் 'கிடைத்துவிட்டது, நாள்தான் பாக்கி' என்று அர்த்தம். நைனா காத்திருப்புப் பட்டியலுக்குப் பேனர் வைக்காமல் வேறு எதற்கு வைப்பார்?

சரி, கெட்டிக்காரத்தனமாகப் பேசுவோம் என்று நினைத்து மாட்டிக்கொண்டேன்.

"சரி நைனா, அந்த வரிசை அப்டியே இருக்கட்டும். சோளக்காட்டுலயும் சரின்னு சொல்லிடலாம். பெரிய எடம் கூப்டா இத்த விட்டுட்டு அங்க போயிடலாம். இங்க எல்லாரும் அப்டிதான் செய்றாங்க. தப்பே இல்ல."

நைனாவின் முகம் மாறியது. போனைக் கிட்டே கொண்டுவந்தார். மூக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னா சொன்ன?"

"ரெண்டுலயும் பேரு குடுத்து வைக்கலாம்னு…"

"ரெண்டு எடம் பிடிக்கிறதா? ஒரே நேரத்துல? நம்ம ஊர்ல ரெண்டு பாட்டுல வலை கட்டுனவனை இன்னா பண்ணுவாங்கன்னு தெரியுமா உனக்கு? தெரியும். தெரிஞ்சுகினே சொல்ற. ஒன்னு நமக்கு, இன்னொன்னு எவன் வவுத்துலருந்து எடுக்கிறது?"

"நைனா, இது ஏரி இல்ல…"

"எடம்னா எடம்தான். அங்க போயி நீ இத்தான் கத்துகினியா?"

அம்மா பின்னாலிருந்து, "அவகிட்ட இன்னாத்துக்குக் கத்துற, அவளே குளிர்ல நடுங்கிகினு கீறா" என்றாள். குளிர் போய் மாதமாகிவிட்டது. அம்மாவைப் பொறுத்தவரை நான் எப்போதும் பனியில்தான் நிற்கிறேன்.

போனை வைத்தபின் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் கோபம். பிறகு கோபம் போய் வேறொன்று வந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில், ஓர் இடத்துக்குச் சம்மதம் சொல்லிக்கொண்டே இன்னொரு பட்டியலிலும் காத்திருக்கலாம் என்று கேட்டபோது நான் வாய் பிளந்தேன். அது எப்படி நியாயம் என்று மார்த்தாவிடம் மல்லுக்கு நின்றேன். எப்போது அதை 'எல்லாரும் அப்டிதான்' என்று சொல்லத் தொடங்கினேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. மீட்டிங்கை முன்னாலேயே வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு நம் ஊரில் மட்டும் சொல்கிற 'ப்ரீபோன்' என் இங்கிலீஷிலிருந்து போனதும் இதே மாதிரிதான். என்றைக்குப் போனது என்றே தெரியாது.

5

இந்த விஷயத்தில் நான் எண்களை நம்பினேன். எண்களை நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் பழைய அட்டவணைகளைத் தோண்டினேன். காத்திருப்பில் வைத்தவர்கள் ஒரு பெரிய கூட்டம். அதிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வருடம் கொஞ்சம், ஒரு வருடம் இன்னும் கொஞ்சம், ஒரு வருடம் பூஜ்யம். மறுநாள் காலையே கூப்பிட்டு நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "போன வருஷம் இறால் வரலன்னு இந்த வருஷம் வலை கட்டாம இருப்பமா?"

புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கிய நான் போனை வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மார்த்தாவிடம் சொன்னேன். "உன் அப்பா நியாயமாகத்தான் பேசுகிறார்" என்றாள். அவளோடும் சண்டை.

அபி தனியாகச் செய்தி அனுப்பினாள். 'அக்கா, ஸ்கூல்ல டீச்சர் கூட வாழ்த்து சொல்றாங்க. கெடச்சுதான்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு தெரில. கையெழுத்த நானே போட்டுடவா?'

'வேணாம்' என்று எழுதினேன்.

'சும்மா கேட்டேன். நைனா கையெழுத்து எனக்கு வராது. அது ஏதோ நண்டு நடந்தாப்ல இருக்கும்.'

கேலி செய்தாலும் அவள் பயந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அந்த இடம் போனால் பொன்னேரியில் ஏதாவது ஒரு கல்லூரிக்குப் பஸ் ஏறுவாள். அதில் குறை இல்லை. ஆனால் அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். அதைப் படிக்க, செலவும் ஏற்று, வா என்று கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுவார்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

6

ஏப்ரல் முடியப் போகிற ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. காலையிலேயே கூப்பிட்டு உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குக் கையெழுத்து இல்லாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

நைனா நல்ல மனநிலையில் இருந்தார். நல்ல விலை போகும் கொடுவாய் மீன் கிடைத்திருந்தது. அவரே பேச்சை எடுத்தார்.

"ஆமா, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். நஜீர் பாய் கேட்டாரு. ரயில் டிக்கெட்டுல வெயிட்டிங் லிஸ்டுனா நம்பர் போடுவான் இல்ல? நாலு, ஏழுன்னு. நம்ம அபி நம்பர் எத்தினி?"

"நம்பர் இல்ல நைனா."

"இல்லன்னா? வரலியா இன்னும்?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வருடா வருடம் நானே பதில் எழுதுகிற கேள்வி. கண் பட்டும் படாமல் தாண்டிப் போகிற ஒற்றை வரி. அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்டவணையைத் திறந்து, திரையை அவருக்குக் காட்டியபடி தமிழில் சொன்னேன்.

"தோ பாரு. கேள்வி: உங்கள் காத்திருப்புப் பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா? பதில்: இல்லை."

"வரிசை இல்லியா?"

"இல்ல."

"லிஸ்டுன்னு சொல்றான், வரிசை இல்லன்றான்?"

"ஆமா."

"அப்போ யாரு மொதல்ல?"

"அன்னிக்கு அவங்களுக்கு யாரு தேவையோ அவங்க. இப்போ அவங்க பேண்டு வாத்தியத்துல பெரிய குழல் ஊதுற பையன் வராம போயிட்டான்னு வெச்சுக்கோ, லிஸ்டுல குழல் ஊதுறவனைத் தேடிக் கூப்டலாம்."

"நம்ம அபி குழல் ஊதுவாளா?"

"அவ அடுப்புகூட ஊத மாட்டா" என்றாள் அம்மா.

நைனா சிரிக்கவில்லை. இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வரியையே பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் பார்த்தார்.

"வரிசை இல்லாம எப்டிம்மா ஜனங்களை நிக்க வெக்கிறான்?" என்றார். அதிர்ச்சியாகத்தான் கேட்டார். அந்தப் பெரிய பேரைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பில் ஏதோ ஒன்று அப்போதே சரிந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் கையெழுத்துக்குக் கை வரவில்லை. "ஊர்ல சொல்லிட்டனே. ஐஸ் கம்பெனி சுவத்துல கீதே" என்றார். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். வரிசை இல்லாட்டியும் முறைன்னு ஒன்னு…"

அதுவரை வாயைத் திறக்காத அபி திறந்தாள்.

"நைனா, ஏரியில பாடு வரிசையில எனக்கு எப்பவாவது முறை வந்துகீதா?"

"பொண்ணுங்களுக்கு ஏதும்மா முறை? அது கல்யாணம் கட்டுன ஆம்பளைங்களுக்கு."

"அக்காவுக்கு?"

"இன்னா கேள்வி இது…"

"இல்லதானே? பொறந்ததுலருந்து எங்க ரெண்டு பேருக்கும் சீட்டே எழுதுனது இல்ல. எழுதவும் மாட்டீங்க. சரி, வுடு. இப்போ எங்கியோ சோளக்காட்டுல இருக்கிறவன், நீ யாரு, உங்கப்பன் யாரு, ஆம்பளையா பொம்பளையான்னு எதுவும் பாக்காம, 'வா, இது உன்னுது'ன்னு எழுதி அனுப்பிகீறான். எனக்குன்னு வந்த மொத எடம் அது. அத்த வுட்டுட்டு, எனக்கு எந்தக் காலத்துலயும் இல்லாத முறைக்கா காத்துகினு இருக்கணும்?"

அவள் கத்தவில்லை. கணக்கில் படி எழுதுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். கையில் கரண்டி. இந்த வாதம் எந்தப் பகுதியில் எந்தக் கட்டத்திலும் இல்லை. இருந்திருந்தால் நான் முதல் நாளே எடுத்து வைத்திருப்பேன்.

நைனா எழுந்து போய்விட்டார். திரையில் காலிக் கட்டில்.

"அக்கா, ரொம்ப பேசிட்டனா?" என்றாள் அபி மெதுவாக.

"தெரில."

"கோச்சுகினு ஏரிக்குப் போயிட்டாரா?"

"இந்நேரத்துக்கு எவன் ஏரிக்குப் போவான்" என்றாள் அம்மா. ஆனால் அவளும் வாசலைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் வந்தார். சட்டை போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பேனர் படத்தில் போட்டிருந்த அதே சட்டை. தலையும் படிய வாரியிருந்தார்.

"எங்க, அந்தக் காயிதத்த எடு. கையெழுத்து போடுற வேலைக்கு வெறும் ஒடம்போடவா உக்காருவேன்?"

நண்டு நடந்தது. நிதானமாக, ஒரு காலும் வழுக்காமல் நடந்தது. அபி அதைப் போட்டோ எடுத்து அன்றைக்கே கல்லூரிக்கு அனுப்பினாள்.

7

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். நைனா விடவில்லை.

"ஒரு எடம் எடுத்தாச்சு. அந்தப் பெரிய எடத்துல நம்ம பேர எடுத்துடச் சொல்லணும். காத்துகினு இருக்கிற வேற புள்ளைக்குப் போவட்டும்."

பேரை நீக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது என்று சொல்ல வந்து, போன தடவை வாங்கிய திட்டை நினைத்து அடங்கினேன். அபி அழகாக நாலு வரி எழுதினாள். வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்டேன், என் பேரை எடுத்துவிடுங்கள், காத்திருக்கும் இன்னொருவருக்கு வாய்ப்புக் கொடுங்கள், என் அப்பா இதை முக்கியமாகச் சொல்லச் சொன்னார். கடைசி வாக்கியம் அவளாகச் சேர்த்தது. கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிற நன்றி ஒன்று வந்தது.

நஜீர் பாய் பேனரில் 'பல்கலைக்கழகத்தின் காத்திருப்புப் பட்டியலில்' என்ற சொற்களின் மேல் மக்காச்சோளக் கல்லூரியின் பேரை ஒட்டிவிட்டார். அந்த நீளப் பேருக்கு இடம் போதாமல் அது அபியின் காது வரை போகிறது. கோபுரக் கட்டடம் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடச் சொன்னதற்கு, "அந்தக் காலேஜ் பில்டிங் குட்டியா கீதும்மா, பேனருக்கு எடுக்காது" என்று சொல்லிவிட்டாராம்.

விசா வந்துவிட்டது. பெட்டி வாங்கியாயிற்று. நெத்திலிக் கருவாடு கொண்டுபோகலாமா கூடாதா என்று அம்மாவும் அபியும் தினமும் சண்டை. நைனா மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் ஒரே கேள்வி கேட்கிறார்.

"நம்ம வுட்ட எடம் யாருக்குப் போச்சாம்?"

"அத்தெல்லாம் வெளிய சொல்ல மாட்டாங்க நைனா."

"பேரு வேணாம். ஊரு வேணாம். அந்தப் புள்ளைக்குச் சேந்துதா இல்லியா, அத்த மட்டும் கேளு. நீ அந்த வேலையிலதானே கீற?"

அந்த வேலையில்தான் இருக்கிறேன். எத்தனை பேர் என்று கேட்கக் கட்டம் இருக்கிறது. யார் விட்டது யாருக்குப் போனது என்று கேட்க இல்லை. மார்த்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். 'உன் அப்பாவை நாம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா?' என்றாள்.

கடைசியாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிட்டேன். "அடுத்த வருஷம் அட்டவணை வரும் நைனா. காத்திருப்புலருந்து எத்தினி பேர எடுத்தாங்கன்னு நம்பர் மட்டும் இருக்கும். அவ்ளோதான்."

யோசித்தார். "சரி. நம்பர் வந்ததும் சொல்லு. பூஜ்யம்னு போட்டிருந்தானுங்கன்னா, வரிசையும் இல்ல, முறையும் இல்ல, இன்னாத்துக்கு இத்தினி புள்ளைங்களை நிக்க வெச்சீங்கன்னு அபி நேர்ல போயி கேக்கணும்."

பின்னால் பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூட முயன்றுகொண்டிருந்த அபி திரும்பினாள்.

"நைனா! நான் அங்க படிக்கப் போறேனா, பஞ்சாயத்து பண்ணப் போறேனா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார் நைனா. "பின்ன எதுக்கு உன்னிய அவ்ளோ தூரம் அனுப்புறேன்?"